நாற்பது வினாடிப் புள்ளி

திருமேனி படியேறி ஓடியதை அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. வயது நாற்பத்து மூன்று. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, நீண்ட விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய கைடு ஜெசிந்தா அவரைவிட ஏழு வயது இளையவர். அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார். மரியாதையில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

மூன்று மணிக்கு, அவருடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடுகிறது. உயிருள்ள செல்லில் ஒரே ஒரு புரத மூலக்கூறைக் காட்டினால் இன்னும் ஓராண்டு கிடைக்கும். இல்லையேல் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“கிடைச்சிடுச்சு மேடம்,” என்றார், மூச்சு வாங்க.

ஜெசிந்தா டிபன் டப்பாவை மூடாமலே எழுந்தார்.

கீழே இருட்டறைத் திரையில், இன்சுலின் சுரக்கும் எலிச் செல் ஒன்று விரிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஒளிரும் சாயம் கட்டிய புரதம். கடுகின் அகலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. கடுகை அப்படி நறுக்கிப் பார்த்தவர் எவருமில்லை. லேசர் பட்டால் சாயம் ஒளிரும், பட்டுக்கொண்டே இருந்தால் அணைந்துவிடும். மற்ற புள்ளிகள் இரண்டு வினாடியில் அணைந்தனவாம். இது நாற்பது வினாடி நின்றதாம். தன் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதுபோல திருமேனி அதைச் சொன்னார்.

ஜெசிந்தா புள்ளியின் பிரகாசத்தைக் கோடாக வரையச் சொன்னார். கோடு மாடிப்படி மாதிரி இறங்கியது. திருமேனியே விரல் வைத்து எண்ணினார். ஏழு படி.

“ஒண்ணு இல்ல, கூட்டம்,” என்று அவரே மெல்லச் சொன்னார். ஏழு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக அணைந்திருந்தன.

சட்டென அணைந்தவற்றை என்ன செய்தீர்கள் என்று ஜெசிந்தா கேட்டார். உதவாது என்று ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார் அவர், காலையில் மட்டும் இருநூறு. ஜெசிந்தா நாற்காலியை முன்னுக்கு இழுத்து, ஒதுக்கியதில் ஒன்றை ஓடவிட்டார். அந்தப் புள்ளி செல்லின் விளிம்பை நோக்கி ஊர்ந்தது, நின்றது, இல்லாமல் போனது. அதன் கோடு மேசைப் பலகைபோல மட்டமாகச் சென்று, செங்குத்தாக விழுந்தது.

திருமேனி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

“ரெண்டே வினாடிதான் மேடம். அணைஞ்சும் போச்சு. அது ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்னு குழு கேட்டா என்ன சொல்றது?”

“அணைஞ்சதைத்தான் காட்டணும் சார். ஒண்ணே ஒண்ணா இருந்ததாலதான் அதால பாதி அணைய முடியல.”