ஒன்பது மணிப் பதிவேடு

கல்வி அலுவலர் தணிகாசலம் அன்று மாலைக்குள் ஓர் அறிக்கை எழுதியாக வேண்டும். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் சங்குக்குப்பம் அரசுப் பள்ளி தொடர்ந்து நடக்கும், இல்லையென்றால் பூட்டு விழும். பூட்டினால் பிள்ளைகள் ஐந்து கிலோமீட்டர் நடந்து மேலவயலுக்குப் போக வேண்டும். பாதிப் பேர் போகமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும்.

தலை நரைத்த பிறகும் குழப்பம் வந்தால் அவர் போய் நிற்பது, தமக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்த சூசையம்மாள் டீச்சரிடம்தான். டீச்சர் வீடு அந்தக் குப்பத்திலேயே இருந்தது.

"ரெண்டு ஊர்லயும் அதே கட்டடம், அதே புத்தகம் டீச்சர். மேலவயல்ல பள்ளிக்கூடம் நிரம்பி வழியுது. இங்க மூணு தடவை கரெக்டா ஒன்பதுக்கு வந்தேன். ஈ காக்கா இல்ல. இந்த ஜனங்களுக்குப் படிப்புல அக்கறை இல்லைனுதான் எழுதணும்."

டீச்சர் எழுந்தார். அவரைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வாசலில் உட்காரவைத்தார்.

ஒன்பதுக்கு மணி அடித்தது. யாரும் வரவில்லை. ஒன்பதேகாலுக்குத் தலைமையாசிரியர் பதிவேட்டில் வரிசையாகச் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று போட்டு மூடினார். விதி அப்படி. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

தணிகாசலம் கிளம்ப எழுந்தார். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார் டீச்சர். ஒரு டீ இரண்டு டீயானது. மனிதருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

பத்தரைக்குக் கரையில் மீன் ஏலம் முடிந்து இரைச்சல் ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் மணலில் ஓடிவந்தார்கள். எண்ணிப் பார்த்தார், முப்பத்தாறு பேர். கடைசியாக வந்த சிறுமியிடம், ஏன் இவ்வளவு நேரம் என்று அதட்டலாகவே கேட்டார்.

"அம்மா ஏலத்துலேர்ந்து வந்தாத்தானே சார் தம்பிய விட்டுட்டு வர முடியும்."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மேலவயலில் தாய்மார்கள் எட்டரைக்கு நடவுக்குப் போகிற வழியில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுப் போவதைத் தணிகாசலம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அவர்களுக்குத்தான் படிப்பில் அக்கறை என்று மேடையிலேயே பாராட்டியும் இருக்கிறார்.

"ஆனா பதிவேட்டுல பள்ளிக்கூடம் காலின்னுதானே இருக்கு டீச்சர். நான் என்னத்த எழுத?"

"காலின்னே எழுதுப்பா. எத்தனை மணிக்குப் பாத்தேங்கிறதையும் சேத்து எழுது."