பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே

மிருகங்கள் வாய் திறந்தால் வார்த்தை வந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை நீர்நாய் ஒன்றின் ஈறுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஆட்களின் கூட்டம் ஒன்று குடியிருந்தது. பல்லைச் சுற்றி எலும்பு கட்டுவது அவர்கள் தொழில். நீர்நாய் மூச்சை இழுக்கும். காற்று ரத்தத்தோடு ஈறடிக்கு வந்து சேரும். அந்தக் காற்றில்தான் பூசிய எலும்பு இறுகும். மூச்சுக்கு ஒரு பூச்சு, அதற்கு மேல் கிடையாது.

வலது பக்கத்து மேஸ்திரி கட்டையன். கை வேகம் அதிகம். தன் கடைவாய்ப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே துளி இடம் விடாமல் பூசி முடித்துவிட்டு, இடது பக்கத்து மேஸ்திரி நாராயியைக் கேலி பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு இன்னும் கடைசிப் பூச்சு பாக்கி; அவள் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மயிரிழை இடம் இருந்தது.

அன்று காலை நீர்நாய் தன் மூன்று குட்டிகளைக் கரையில் விட்டுவிட்டு, ஒரு விராலைத் துரத்தி ஆற்றுக்குள் பாய்ந்தது. விரால் புகுந்த இடம் யாரோ பிரம்பில் பின்னிப் போட்டிருந்த மீன்பறி. நீர்நாயும் பின்னாலேயே புகுந்தது. பறிக்குள் போகத்தான் வழி உண்டு, திரும்பி வர வழி கிடையாது.

மூச்சு நின்றது. ஈறடியில் காற்று குறைந்தது. நாராயியின் ஆட்கள் பூசிய எலும்பு இறுகாமல் வழிந்தது. மறுபடி பூசினார்கள், மறுபடியும் வழிந்தது. அந்தப் பக்கத்துப் பல் ஆட ஆரம்பித்தது. கடித்துத்தான் பிரம்பை அறுக்க வேண்டும். பல் போனால் தாய் போய்விடும், தாய் போனால் குட்டிகளும் பிழைக்காது.

வேலை முடியாமல் பூச்சுக் கரண்டியைக் கீழே வைப்பது அந்தக் கூட்டத்தில் பெரிய அவமானம். அதுவரை யாரும் வைத்ததில்லை. நாராயி வைத்தாள்.

"கரண்டியப் போடுங்க. காத்து இல்லாம எலும்பு நிக்காது. கையக் கோத்துப் பல்லப் புடிங்க" என்றாள்.

பாதிப் பேர் பல்லைப் பற்றினார்கள், பாதிப் பேர் எலும்பைப் பற்றினார்கள், நடுவில் கை கோத்துக்கொண்டார்கள்.

நீர்நாய் வலது பக்கத்தால் கடித்தது. கட்டையனின் பல் அசைய இடமில்லாமல் இரண்டாகப் பிளந்தது. இடது பக்கத்தால் கடித்தது. பல் கொஞ்சம் அமுங்கியது, கைகள் இழுபட்டன, ஒரு கைகூட விடவில்லை. பிரம்பு அறுந்தது. நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. மூச்சே இல்லாத நேரத்தில் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள்!

நீர்நாய் கரையேறி மூச்சு விட, ஈறடிக்குக் காற்று திரும்பியது. கட்டையன் தலைகுனிந்தபடி வந்து, மிச்ச இடத்தைத் தானே பூசித் தருவதாகச் சொன்னான்.

"வேணாம்ணே. இந்த எடம் எங்க கைக்கு இருக்கட்டும். நீங்களும் வந்து புடிங்க" என்றாள் நாராயி.

அவனும் கரண்டியை வைத்துவிட்டுக் கை கோத்தான். இந்தச் செய்தி ஒவ்வொரு வாயாகப் பரவி, மனிதர் வாயில் குடியிருந்த ஈறடிக் கூட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அன்று முதல்தான் காற்று குறைந்தால் ஈறடியில் எலும்பு கட்டும் வேலை நின்றுபோகிறது. நாம் முறுக்கை நறுக்கென்று கடிக்கும்போது பல் உடையாமல் மயிரிழை அசைந்து கொடுப்பதும், அன்று கோத்த கைகளை அவர்கள் இன்னும் விடாததால்தான்.