அணியத்தில் நின்றவர்

"என்ன பண்ணினாலும் விழுந்துடுறேன், டீச்சர்" என்றார் தொபியாஸ், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட, கடற்கரையில் பலகை ஓட்டக் கற்றுத்தரும் ஜெசிந்தாவுக்கு இருபத்தேழு வயது. அவருக்கு ஐம்பத்தொன்று. முப்பது வருடம் விசைப்படகு ஓட்டிய மனிதர். நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகையிலிருந்து அன்று காலையில் மட்டும் ஒன்பது முறை விழுந்திருந்தார்.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தது.

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கவலை வேறு. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. ஏழாம் நாள் படகேற வேண்டும்.

போன வருடமும் இப்படித்தான் ஏறப் போனார். வீலைப் பிடித்தவர் இன்ஜினைக்கூடக் கிளப்பவில்லை. இறங்கி வந்துவிட்டார். இந்த வருடமும் இறங்கினால் ஆயுசுக்கும் கரைதான் என்று அவருக்குத் தெரியும். பலகையில் அலைப் பயம் தெளிந்தால் படகிலும் தெளியும் என்றுதான் அவளிடம் வந்திருந்தார்.

"இப்ப எதனால விழுந்தீங்க மாமா?"

"பின்னால ஒரு அலை. நெஞ்சு உயரம். இடது பக்கமா சாஞ்சு வந்துச்சு. உச்சியில கொஞ்சம் நுரை."

"முன்னால என்ன இருந்துச்சு?"

தொபியாஸ் யோசித்தார்.

"கடல்" என்றார்.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

மறுநாளும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று விடாமல் அடித்தது. அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, அலையோடு அலையாக, வடக்கே தெரியும் மாதா கோவில் வரை போக வேண்டும். எட்டு கிலோமீட்டர். ஜெசிந்தா முக்கால் மணி நேரத்தில் போய்விடுவாள். தொபியாஸ் இதுவரை பாதி தூரம்கூடப் போனதில்லை.

"முன்னால பள்ளம் விழும், பாருங்க. பலகை மூக்கை அதுல வையுங்க. குதிங்கால் லேசா எழும்பும். அப்ப அழுத்தி நாலு துடுப்பு. பலகை வழுக்க ஆரம்பிச்சுட்டா துடுப்பை நிறுத்திடுங்க. ஒரு காலைப் பின்னால வையுங்க, மூக்கு தண்ணிக்குள்ள போகாது."

"அதெல்லாம் சரி. பின்னால வர்றதை யாரு பாக்குறது?"

"குதிங்கால் பாத்துக்கும்."

"குதிங்காலுக்குக் கண்ணு வச்சிருக்கா உங்க பள்ளிக்கூடத்துல?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

தொபியாஸ் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேச வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் வாய் நிற்கவில்லை.

"முதுகுல காத்து வாங்கி ஓடுற படகுக்குப் பின்னால வர்ற அலைதான் எமன். எந்த டிரைவரையும் கேளு. அன்னைக்கு அந்த அலையை அரை மைல் தள்ளியே பாத்துட்டேன். அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்ல மக்கா. சத்தியமா எடுக்கல. பாத்துக்கிட்டே இருந்தும் உங்கப்பனை அது வாரிட்டுப் போயிடுச்சு."

சந்தியாகு, ஜெசிந்தாவின் அப்பா. பதினெட்டு வருடம் தொபியாஸின் படகில் போனவர். கடைசியாகப் போனது இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே கச்சான் காற்றில்.

ஊரில் தொபியாஸை யாரும் குறை சொன்னதில்லை. அவரும் நூறு தடவையாவது இதே வார்த்தையில் இதைச் சொல்லியிருப்பார். கண்ணை எடுக்கவே இல்லை.

ஜெசிந்தா துடுப்பால் மணலைக் கீறினாள்.

"அப்பா எங்க நின்னாங்க?"

"அணியத்துல. படகோட முன் மூக்குல. முன்னால பாத்துச் சொல்றவன் வேற எங்க நிப்பான்?"

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"இன்னைக்கு நான் முன்னால போறேன். கையைக் காட்டுவேன். வலதுன்னா வலது, இடதுன்னா இடது. என்னை மட்டும் பாருங்க."

"பின்னால?"

"என்னை மட்டும்."

முதல் கிலோமீட்டரில் அவர் நான்கு முறை விழுந்தார். நான்கு முறையும் திரும்பிப் பார்த்ததால்தான். ஐந்தாவது முறை ஏறி நின்றபோது ஜெசிந்தா வெகுதூரம் போயிருந்தாள். ஒரு அலை அவளை மறைத்தது. அவள் வெளியே வரவில்லை.

தொபியாஸ் அவள் மறைந்த இடத்தையே பார்த்தார்.

அலை இறங்கியது. அங்கே அவள் இருந்தாள். வலது கையை நீட்டியிருந்தாள். அவர் மூக்கை வலப்பக்கம் திருப்பினார். அங்கே ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. குதிங்கால் எழும்பியது. நாலு துடுப்பு. பலகை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவளைக் கண்ணிலிருந்து விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அவருக்கு வேறு எந்தப் பயமும் ஞாபகம் வரவில்லை.

இடது கை. இன்னொரு பள்ளம். மறுபடி இடது. வலது.

மாதா கோவில் கரையில் பலகை மணலைத் தொட்டபோதுதான் வந்து சேர்ந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

ஜெசிந்தா ஓடி வந்து பலகையைப் பிடித்தாள்.

"பின்னால எத்தனை அலை வந்துச்சு மாமா?"

"தெரியாது" என்றார்.

சொன்னவர் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார். துடுப்பு கையிலிருந்து நழுவியது.

"என்ன மாமா? என்ன செய்யுது?"

"சந்தியாகுவும்" என்றார். "அவனும் கையைக் காட்டியிருப்பான்ல, மக்கா?"

ஜெசிந்தா அவர் பலகையை மணலில் இழுத்து விட்டாள். பிறகு, இரண்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் காட்டுனாங்க?"

"தெரியாது. நான் பாக்கல."

கரையில் அவர்களையும் பலகைகளையும் திரும்ப ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடித்தது. இருவருமே நகரவில்லை. தொபியாஸ் அழுதார். அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கடல் தண்ணீரைத் துடைப்பது மாதிரி.

பிறகு மிதந்து போய்க்கொண்டிருந்த துடுப்பை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"காத்து இன்னும் இருக்கு. வண்டியில திரும்பிப் போய் இன்னொரு தடவை வருவோம். இப்ப நீங்க முன்னால போங்க மாமா, நான் உங்களைப் பாத்துக்கிட்டே வர்றேன்."