செங்கொண்டையன் தாளம்

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் கருவாலன் என்றொரு இரட்டைவால் கரிச்சான் இருந்தான். தானே பாட்டுக் கட்டுவான், தானே பாடுவான். நண்டு வளை தோண்டுவது, வெயிலில் சேறு வெடிப்பது, கொக்கை ஏமாற்றிய கெண்டை என்று அங்கே நடப்பதெல்லாம் அவன் பாட்டில் வரும்.

தாளம் போட்டது மரங்கொத்தி செங்கொண்டையன். பட்டுப்போன பனையில் அவன் 'டொக், டொடொக், டொக்' என்று தட்டினால் நத்தைகூடத் தலையாட்டும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாடுவதற்கு முன் பாட்டை உண்டாக்கியவர்கள் பெயரைக் கூவ வேண்டும். கருவாலனும், "செங்கொண்டையன் தாளம்! கருவாலன் பாட்டு!" என்று கூவுவான். தன் பெயர் காதில் விழுந்த பிறகுதான் மரங்கொத்தி முதல் தட்டு தட்டுவான். அவன் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஒருநாள் ஊர் சுற்றும் நாரை ஒன்று வந்தது.

"மலைக்கு அந்தப் பக்கம் பெரிய காடு இருக்கு. நீ வந்து பாடினா மயில்கூட ஆட்டத்தை விட்டுட்டு உன்னைப் பார்க்கும்" என்றது.

"செங்கொண்டை அண்ணனையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"குஞ்சு பொரிச்சிருக்கான், எப்படி வருவான்? நீதான் எந்தச் சத்தத்தையும் அப்படியே எழுப்புவியே. அவன் தட்டுறதையும் தொண்டையிலேயே போட்டுக்கோ. இன்னொண்ணு, ரெண்டு பேரைச் சொன்னா ஒண்ணும் மனசுல நிக்காது. உன் பேரை மட்டும் சொல்லு."

கருவாலனுக்கு உள்ளே உறுத்தியது. முதல் நாள் மட்டும்தானே என்று சமாதானம் செய்துகொண்டான். உறுத்தியபோதே மறுத்திருக்கலாம். ஆனால் புகழ் வந்து கூப்பிடும்போது யார் மறுக்கிறார்கள்?

"போயிட்டு வா தம்பி" என்றான் செங்கொண்டையன். "காத்து அங்கிருந்து இங்கதான் அடிக்கும். நீ பேரு கூவுறது எனக்கு இங்கேயே கேட்கும்."

பெரிய காட்டில் கேட்க வந்தவர்கள் உட்காரக் கிளை போதவில்லை. "கருவாலன் பாட்டு!" என்று மட்டும் கூவினான். தொண்டையிலேயே தட்டினான். மான்கள் குளம்பால் தாளம் போட்டன. முதல் நாள் பத்து நாளானது. பிறகு அந்தப் பெயரைச் சேர்க்கக் கூச்சமாகிவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டுவிட்டால்?

ஒரு மழைக்காலம் போனது.

"இன்னும் அதே டொக்டொக்தானா?" என்று கிளிகள் கேட்டன.

கருவாலனுக்குப் புதுப் பாட்டு வந்தது, புதுத் தாளம் வரவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் தொண்டை அது. கேட்காததை எங்கே போய் எடுப்பது? ஏரிக்கரைக்குப் பறந்தான்.

செங்கொண்டையன் இருந்த பனைப் பொந்தில் யாரோ ஒரு மைனா குடியிருந்தது. தண்ணீரில் முக்குளிப்பான் குருவி மட்டும் பழைய முகம்.

"அண்ணன் எங்கே?" என்று கேட்டான்.

"போயிட்டான். எங்கேன்னு சொல்லல" என்றது முக்குளிப்பான். "தினமும் காலையில பனை உச்சியில உட்கார்ந்து கேட்பான். 'என் தட்டுதான், கேட்டியா'ன்னு பூரிச்சுப் போவான். அப்புறம், 'காத்து சரியில்ல, பேரு மட்டும் விழல'ம்பான். உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ஒருநாள் மட்டும், 'காத்து நல்லாத்தான் இருக்கு'ன்னு சொன்னான். மறுநாள் ஆளைக் காணோம்."

கருவாலன் பனை உச்சியில் போய் உட்கார்ந்தான். "செங்கொண்டையன் தாளம்!" என்று தொண்டை கிழியக் கூவினான். முதல் தட்டுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. தானே தட்டிக்கொள்ள அலகைத் திறந்தவன், வெட்கப்பட்டு மூடிக்கொண்டான். புதுப் பாட்டைப் பாடாமலே வெகுநேரம் அங்கே இருந்தான்.

கூட உழைத்தவரின் பெயரை அவர் காதில் விழும் காலத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு எவ்வளவு உரக்கக் கூவினாலும் அது அவரிடம் போய்ச் சேராது.