மண் படாத மல்லிகை

வெகுகாலத்துக்கு முன்னே, தேரை வாய் திறந்து பேசினாலும் யாரும் ஆச்சரியப்படாத காலத்திலே, தும்பைநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் ராஜா மணிகேது. நல்ல மனுஷர்தான், ஆனால் பாசம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கண்மண் தெரியாது. தாயில்லாத இரண்டு பெண்கள் அவருக்கு. மூத்தவள் இரத்தினவல்லி, இளையவள் குமுதினி. அக்காள் ஊட்டினால்தான் தங்கைக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் மூவரும் நந்தவனத்தில் இருக்கும்போது புகைமுகன் என்ற மந்திரவாதி வந்தான். "உன் மூத்த மகளை எனக்குக் கட்டிக் கொடு" என்றான். ராஜா பதில் சொல்வதற்குள் இரத்தினவல்லி முந்திக்கொண்டாள்.

"முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க."

காவலர்கள் சிரித்தார்கள். குமுதினி விழுந்து விழுந்து சிரித்தாள். புகைமுகனுக்கு மூக்குக்கு மேல் கோபம். கையிலிருந்த சாம்பலை ஊதினான். அக்காள் நின்ற இடத்தில் ஒரு குண்டுமல்லிச் செடி நின்றது!

"இந்தச் செடி ஒரு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை தாயை விட்டுப் பிரிந்து உயிரோடு இருந்தால் இவள் மறுபடி பெண்ணாவாள். மூன்றாவது மழைக்காலம் முடிவதற்குள் நடக்காவிட்டால் என்றைக்கும் செடிதான்! குண்டுமல்லி காய்த்து எவன் பார்த்தான்?" என்று கெக்கலித்துக்கொண்டே மறைந்தான்.

ராஜா செடியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து எழுந்து ஆணை போட்டார்: "மண் படக்கூடாது, கத்தி படக்கூடாது, என் மகளுக்கு நோகக்கூடாது!"

அப்புறம் என்ன, சாய்ந்த கிளைகளுக்கெல்லாம் வெள்ளியில் கவைக்கொம்பு நட்டு, பட்டுத்துணி சுற்றி முட்டுக் கொடுத்தார்கள். ஒரு நுனிகூடத் தரையைத் தொடவில்லை. இலையில் தூசி விழுந்தால் துடைக்க ஓர் ஆள், அந்த ஆளைக் கவனிக்க இன்னோர் ஆள்.

முதல் மழைக்காலம் வந்தது. காய் பிடிக்கட்டும் என்று ராஜா தேனீக்களைக் கொண்டுவந்து விட்டார். தேனீக்கள் ராஜாவைத்தான் கொட்டின. இரண்டாவது மழைக்காலம் வந்தது. செடிக்குப் பாலும் தேனும் ஊற்றினார். எறும்புகள் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டன. பூ பூத்தது, உதிர்ந்தது, ஒரு பிஞ்சும் இல்லை. மூன்றாவது மழைக்காலமும் வந்துவிட்டது. குமுதினி மட்டும் தினமும் செடியருகே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள். நல்ல கதையாக இருந்தால் செடி இலையைச் சிலுப்பும். அக்காள் கேட்கிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த வருஷம் அடைமழை. ஒரு கவைக்கொம்பு சரிந்து, ஒரு கிளை சேற்றில் கிடந்தது. மழை விட்டு வெயில் வந்த பிறகுதான் கண்டார்கள். தூக்கினால் வரவில்லை! பலமாக இழுத்ததும் பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் கணுவில் வெள்ளை வெள்ளையாய் என்னமோ தொங்கியது.

"ஐயோ, புழு! என் கண்ணைப் புழு அரிக்குதே!" என்று ராஜா தம் மேல்துண்டாலேயே அதை வழித்துப் போட்டார்.

குமுதினி குனிந்து பார்த்தாள். புழுவென்றால் நெளிய வேண்டாமா? இது நெளியவில்லை, வேர் மாதிரியல்லவா இருந்தது! நிமிர்ந்து பார்த்தாள். அக்காளின் இலைகள் வாடித் தொங்கின. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதே. என் முதுகைச் சொறிஞ்சு விடு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்றேன்" என்றது ஒரு குரல். செடியடியில் கொழுத்த தேரை ஒன்று உட்கார்ந்திருந்தது.

குமுதினி சொறிந்து விட்டாள். "தேரையாரே, வேர் என்ன செய்யும்?"

"மண்ணைப் பிடிச்சுக்கும், தண்ணியைக் குடிக்கும். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்."

இடதுபக்கம் சொறிந்தாள். "தண்டு என்ன செய்யும்?"

"வேர் குடிச்சதை இலைக்கு ஏத்தும், இலை ஆக்கின சாப்பாட்டை வேருக்கு இறக்கும். ஓயாத வேலை. இப்போ வலதுபக்கம்."

வலதுபக்கமும் சொறிந்தாள். "அப்படின்னா தண்டுல எப்படி வேர் வந்துச்சு?"

தேரை கண்ணை மூடிச் சொக்கியது. "கணுவுக்குள்ள துளிரும் தூங்குது, வேரும் தூங்குது. வெளிச்சம் பட்டா துளிர் முழிக்கும். இருட்டும் ஈரமும் பட்டா வேர் முழிக்கும். உங்கப்பா வேரை முழிக்கவே விடலையே!"

சொல்லிவிட்டுத் தேரை தத்தித் தத்திப் போய்விட்டது. குமுதினிக்குப் பளிச்சென்று புரிந்தது. பிள்ளை காயிலிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது?

பின்பக்கம் தாழ்ந்த கிளை ஒன்றைக் கவையிலிருந்து மெல்ல இறக்கி வளைத்தாள். கணுவை ஈரமண்ணில் அழுத்தி, மேலே மண்ணை அணைத்து, எழுந்துவிடாமல் ஒரு கல்லை வைத்தாள். நுனி மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து நின்றது. அதை மறைத்துப் பாவாடையை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா எந்நேரமும் இங்கேயே இருக்கே?" என்றார் ராஜா.

"அக்காவுக்குத் துணையா இருக்கேம்பா."

அதில் பொய் ஏது?

நாளாக ஆக நுனியில் புதுத் துளிர் வந்தது. லேசாக இழுத்துப் பார்த்தாள், கிளை அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது! ஆனால் அக்காள் வரவில்லையே? தாயை விட்டுப் பிரிய வேண்டும் என்றல்லவா சாபம்! மழைக்காலம் முடியப்போவதுபோல் மேகம் கலைந்து வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. குமுதினி கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கிளையில் வைத்தாள். பின்னாலிருந்து ராஜா கத்தியைப் பிடுங்கினார்.

"அடிப் பாவி, அக்காவையா வெட்டப் பார்க்கிறே?"

"அப்பா, திட்டறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல இதை இழுத்துப் பாருங்க."

ராஜா இழுத்தார். கைக்குழந்தை விரலைப் பிடித்துக்கொள்வதுபோல் அது மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. சட்டென்று புகை எழும்பியது. சாபம் பலிப்பதை வேடிக்கை பார்க்க வந்திருந்தான் புகைமுகன்.

"வெட்டு, வெட்டு! தாயும் சாகும், பிள்ளையும் சாகும்!" என்றான்.

ராஜா கத்தியைத் தாழ்த்தினார். "செத்துப்போயிட்டா என்னம்மா செய்வேன்?"

குமுதினி அழுதுகொண்டே சொன்னாள். "குடிக்க வேர் இருக்குப்பா. ஆக்க இலை இருக்கு. வேணுங்கிறது எல்லாம் அதுகிட்டயே இருக்கு. நாமதான் விடணும்."

ராஜா கத்தியைத் துடைத்துக்கொண்டு கிளையருகே குனிந்தார். பிறகு, "பெத்தவன் நான். நானே அறுக்கிறேன்" என்று தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரே வெட்டு வெட்டினார்.

வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு நீர் துளிர்த்தது. சின்னச் செடியின் இலைகள் துவண்டன. புகைமுகன் சிரித்தான். குமுதினி குனிந்து அதன் அடிமண்ணை அணைத்துப் பிடித்தாள். பிறகு ஓர் இலை நிமிர்ந்தது. அடுத்த இலை நிமிர்ந்தது. நுனித் துளிரும் நிமிர்ந்தது!

பெரிய செடி இருந்த இடத்தில் இரத்தினவல்லி நின்றாள், இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி. அன்றைக்கு ஊதிய சாம்பல் திரும்பிப் புகைமுகன் மேலேயே விழுந்து, அவன் கோரைப்புல்லாகிப் போனான். பிடுங்கினாலும் விடுவானா? மண்ணுக்குள் கிழங்கை ஒளித்து வைத்துக்கொண்டு இன்றைக்கும் தோட்டக்காரர் உயிரை வாங்குகிறான்.

ராஜா மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "வெட்டினது வலிச்சுதா கண்ணு?"

"அது எறும்பு கடிச்ச மாதிரிதாம்பா இருந்துச்சு. மூணு வருஷமா கையைத் தூக்கியே நிக்க வெச்சீங்களே, அதுதான் உயிர் போற வலி!"

ராஜா அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி தேம்பினார். இரத்தினவல்லி மெதுவாகக் கைகளை இறக்கி, ஒன்றை அப்பா தோளிலும் ஒன்றைத் தங்கை தோளிலும் போட்டுக்கொண்டாள். குமுதினிக்கு அந்தக் கனம் அவ்வளவு சுகமாக இருந்தது.

பிள்ளைச் செடி வளர்ந்ததும் அதன் கிளைகளை ராஜாவே மண்ணில் வளைத்துப் பதியம் போட்டார். வேர் பிடித்ததும் வெட்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். சில நாள் நகத்திடுக்கு மண்ணோடேயே சாப்பிட உட்கார்ந்து, மகள்கள் இருவரிடமும் நன்றாகத் திட்டு வாங்கினார். அவர்கள் சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள், உங்கள் வாசலில் மல்லிகை பூக்கட்டும்.