அண்ணாச்சி தூக்கிய கை

மேலக்கரைக் கோயில் கொடை விழாவில் பாட்டுக் கச்சேரி. மைக் செட் போட வந்த பேச்சித்தாய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைக் கூட்டத்துக்கு நடுவே மேசை போட்டு வைத்தாள். விழாத் தலைவர் முத்துக்குட்டி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது என் சோபா போடுற இடம்லா! இதை மேடைக்குப் பின்னால கொண்டு போ. சத்தத்துல ஏதாவது குறை வந்துச்சு, அடுத்த வருசம் ஊருக்குள்ள நுழைய முடியாது!"

"சரி அண்ணாச்சி. ஆனா பின்னால இருந்தா இங்க எப்படிக் கேக்குன்னு எனக்குத் தெரியாதே. நீங்கதான் சொல்லணும். கையைத் தூக்கி வச்சிருந்தா சத்தத்தைக் கூட்டி வைப்பேன், இறக்கினா குறைச்சிருவேன். படுதா ஓட்டை வழியா பாத்துக்கிடுதேன். அதுக்கு ஏத்த காது இந்த ஊர்ல உங்களுக்குத்தான் இருக்கு."

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

முதல் பாட்டில் பாடகியின் குரல் கேட்கவில்லை. அண்ணாச்சி கையைத் தூக்கினார். குரல் கணீரென்று வந்தது. கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

"கைய இறக்கும்வே, மேடை மறைக்கு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

இறக்கினார். சத்தமும் இறங்கியது. ஊரே எழுந்து நின்று திட்டியது. மறுபடி தூக்கினார்.

மூன்றாம் பாட்டு முடியுமுன் அண்ணாச்சியே சோபாவை ஓரத்துக்கு இழுத்தார். "எம்மா, உன் மேசையை இங்கேயே கொண்டா!"

அதன்பிறகு கடைசி வரிசைக்கும் பாட்டு தேனாகப் பாய்ந்தது. கச்சேரி முடிந்ததும் அங்கிருந்த பெண்கள் ஓடிவந்து பேச்சித்தாய்க்குப் பூ வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி மேடையேறி, அவளுக்கு நன்றி சொல்லிக் கும்பிடப் பார்த்தார். மூன்று பாட்டுக்குத் தூக்கி வைத்திருந்த வலது கை எழும்பவில்லை. இடது கையை மட்டும் நெற்றிவரை தூக்கினார்.

அந்தக் கையை இறக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை.