சிரட்டைக் கண்ணில் வந்த நிலா

கர்ர்... கர்ர்... டொக்!

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குளக்கரையில், வன்னி மரத்தடிப் பிள்ளையாரின் மேடைக்குக் கீழே இருந்த மூஞ்சூறு வீட்டின் கதவில் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ நகத்தால் சுரண்டுவது போல இருந்தது.

"அம்மா, அது என்ன?" என்றது மூத்த குட்டி மிளகு.

"உஷ்! பேசாதே!" என்றாள் தாய் மூஞ்சூறு மருக்கொழுந்து. நான்கு குட்டிகளையும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டின் கதவு ஒரு தேங்காய்ச் சிரட்டை. யாரோ பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயின் கண் பக்கம் அது. அந்தக் கண்ணில் ஒரு துளை இருந்தது. கதவைச் சாத்திய பிறகு மருக்கொழுந்து அதன் வழியாகத்தான் வெளியே பார்ப்பாள். தாழ்ப்பாள் ஒரு முள்ளம்பன்றி முள். அதைக் குறுக்கே செருகிவிட்டால் கதவை யாராலும் அசைக்க முடியாது.

ஆனால் இன்று முள் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

காரணம் உண்டு. இன்று சங்கடஹர சதுர்த்தி. பௌர்ணமி கழிந்து நாலாம் நாள். மாதா மாதம் இந்த நாளில் மருக்கொழுந்து விடிந்ததிலிருந்து எதையும் சாப்பிட மாட்டாள். இரவில் நிலா எழுந்ததும் அதைப் பார்த்துக் கும்பிடுவாள். பிறகுதான் வாயில் ஏதாவது போடுவாள். அதிலும் முதல் துண்டு, பசி என்று வாசலுக்கு வருகிற யாருக்காவது. அதைக் கொடுத்து முடிக்கும்வரை கதவைத் தாழ்போடக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அன்று சாயங்காலம் குளத்துத் தேரை பொன்னுரங்கம் வந்து அவளைக் கேலி செய்துவிட்டுப் போயிருந்தது.

"ஏ தங்கச்சி! ஒரு பொழுது சாப்பிடலேன்னாலே சுருண்டு விழுற இனம் உன் இனம். நீ எதுக்கு இந்த வேலைக்குப் போறே?"

"மாசத்துல ஒரு நாள்தானே அண்ணே!"

"பேருதான் மருக்கொழுந்து. வாசனை இல்லாட்டியும் பிடிவாதம் இருக்கு! சரி, சங்கடம் தீரணும்னுதானே இந்த விரதம்? உன் சங்கடம்தான் போன மழையோட தீர்ந்துபோச்சே! இன்னும் எதுக்கு வயித்தைக் காயப் போடுறே?"

தேரை சொன்னது உண்மைதான். போன மழையில் பொந்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. மருக்கொழுந்து அப்போது நிறைமாதம். நீந்தத் தெம்பில்லை. எப்படியோ மேடையைப் பிடித்து ஏறி, பிள்ளையாரின் தும்பிக்கை வளைவில் போய் ஒண்டிக்கொண்டாள். இரவெல்லாம் மழை கொட்டியது. கல்லும் அவளும் சேர்ந்து நனைந்தார்கள். விடியும்போது தண்ணீர் வடிந்திருந்தது. அந்த வளைவிலேயே நான்கு குட்டிகளும் பிறந்தன.

"முன்னாடியெல்லாம் நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணே" என்றாள் மருக்கொழுந்து. "புழு கொடு, பூச்சி கொடு, பாம்பு வராம பார்த்துக்கோன்னு ஒரே மனுவா இருக்கும். இப்ப கேக்குறதுக்கு ஒண்ணுமே தோணல. நன்றி சொல்லணும்னுதான் தோணுது. வயிறு நிறைஞ்சிருந்தா அது எனக்கு மறந்துபோகுது. வயிறு காலியா இருந்தா, கிடைச்சது ஒவ்வொண்ணா ஞாபகம் வருது."

"எனக்கு வயிறு காலியா இருந்தா ஈசல்தான் ஞாபகம் வருது!" என்று தேரை தொண்டையை உப்பிச் சிரித்தது. அதன் குரல் குளம் முழுக்கக் கேட்கும். "நிலா வந்ததும் குட்டிகளை வாலைப் பிடிச்சு வரிசையா வெளியே கூட்டிக்கிட்டு வருவியே, அப்ப எனக்கும் கொழுக்கட்டையில ஒரு துண்டு எடுத்து வை! ஆனா மேகம் போட்டிருக்கு பாரு. நிலா வந்ததே தெரியாம விடிய விடியப் பட்டினி கிடக்கப் போறே!"

"வராம எங்கே போகும்? நீயும் வா அண்ணே. பசின்னு முதல்ல யார் வந்தாலும் முதல் துண்டு அவங்களுக்குத்தான்!"

இருவரும் பேசியதை வன்னி மரக்கிளையில் இருந்த ஆந்தை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆந்தைக்கு மரப்பொந்தில் இரண்டு குஞ்சுகள். மழை நாட்களில் சரியான இரை கிடைக்கவில்லை. 'ஒரு தாய், நாலு குட்டி! அதுவும் வரிசையாக வாலைப் பிடித்துக்கொண்டு தானாக வெளியே வருமாம்!' என்று நினைத்து அது தன் அலகைத் தீட்டிக்கொண்டது. 'நிலா வரும்வரை நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? நிலாவை நானே கொண்டு வருகிறேன்!'

கதவைச் சுரண்டியது அந்த ஆந்தைதான்.

"அம்மா! தாயே!" என்று வெளியே ஒரு குரல் குழைந்தது. "விரதக்கார வீடுதானே இது? தூரத்துல இருந்து வர்றேன். பசி தாங்கல. நிலாகூட வந்தாச்சு, பாருங்க!"

மருக்கொழுந்து மூச்சு விட்டாள். 'பசித்து வந்த விருந்தாளியா? நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன்.' மெல்ல எட்டிச் சிரட்டைக் கண்ணைப் பார்த்தாள்.

அங்கே நிலா இருந்தது! மஞ்சளாக, தகதகவென்று, வட்டமாக!

ஆந்தை தன் கண்களில் ஒன்றைத் துளையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. மேடை மேல் யாரோ ஏற்றிவிட்டுப் போன அகல் விளக்கின் வெளிச்சம் பட்டு அந்தக் கண் பொன்னாக மின்னியது.

"ஐ! நிலா! நிலா!" என்று குட்டிகள் குதித்தன. "அம்மா, இனி நீ சாப்பிடலாமா?" என்றது மிளகு. காலையிலிருந்து அதுவும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மருக்கொழுந்துக்குப் பசி தாங்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையார் மேடையிலிருந்து எடுத்து வந்து மூலையில் இலை மேல் வைத்திருந்த கொழுக்கட்டையின் வெல்ல வாசனை மூக்கைத் துளைத்தது. கதவைத் திறந்தால் போதும். விருந்தாளிக்கு ஒரு துண்டு, பிறகு தனக்கு ஒரு வாய்.

ஆனால் கும்பிட வேண்டுமே! அவள் துளையைப் பார்த்துக் கைகூப்பினாள். வழக்கம்போல அவள் கண் நிலாவின் உச்சியைத் தேடியது.

அங்கேதான் அவளுக்கு இடித்தது.

சின்ன வயதிலிருந்து மாதா மாதம் அவள் பார்க்கிற நிலா இது இல்லை. நாலாம் நாள் நிலா எழும்போது அதன் தலைப்பக்கம் கொஞ்சம் தேய்ந்து மழுங்கியிருக்கும். பசியோடு காத்திருந்து காத்திருந்து பார்த்த முகம் அது. இந்த நிலாவுக்குக் குறையே இல்லை! துளைக்குள் எங்கோ தூரத்தில் தெரிவதற்குப் பதிலாக, துளை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது!

"அய்யா" என்றாள் மருக்கொழுந்து. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "எனக்குப் பார்வை மங்கல். நிலா எப்படி இருக்கு? நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன்."

"அதை ஏன் கேக்குறீங்க! தட்டு மாதிரி வட்டமா இருக்கு! ஒரு குறை கிடையாது!" என்றது ஆந்தை.

"அப்படியா? நாலாம் நாள் நிலாவுக்குத் தலைப்பக்கம் தேய்ஞ்சிருக்குமே!"

வெளியே நகங்கள் மண்ணைப் பிராண்டின.

பிறகு நிலா கண்ணைச் சிமிட்டியது!

"பின்னால போங்க! எல்லாரும் பின்னால!" என்று கத்தினாள் மருக்கொழுந்து. மூன்று குட்டிகள் வளையின் ஆழத்துக்கு ஓடின. கடைக்குட்டி கடுகு மட்டும் ஓடவில்லை. அதற்கு விவரம் புரியும் வயதில்லை. "நிலா மாமா!" என்று கூவிக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தது.

அதே நேரம் கதவு உள்ளே தள்ளப்பட்டது. தாழ்போடாத சிரட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. வளைந்த நகங்கள் நான்கு உள்ளே நீண்டு மண்ணைத் துழாவின!

நாள் முழுக்கச் சாப்பிடாத அந்தச் சின்ன உடம்புக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ! மருக்கொழுந்து ஒரே தாவாகத் தாவினாள். கடுகின் வாலைப் பல்லால் கவ்வினாள். பின்னால் இழுத்தாள். நகம் குட்டியின் முதுகு மயிரை உரசிக்கொண்டு போய் வெறும் மண்ணைக் கீறியது.

வளை குறுகலானது. அதற்கு மேல் ஆந்தையால் காலை நீட்ட முடியவில்லை. மருக்கொழுந்து இருட்டில் வால்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். மிளகு இருந்தது. நடுக்குட்டிகள் இரண்டும் இருந்தன. கடுகு அழுதுகொண்டே இருந்தது. அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆந்தை காலை இழுத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை வாசலில் வைத்தது.

"அம்மா, அந்த முள்ளை எடுத்து ஒரு குத்து குத்தட்டுமா?" என்று மிளகு கிசுகிசுத்தது.

மருக்கொழுந்துக்கும் ஆசைதான். முள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. கண்ணோ எதிரிலேயே இருந்தது.

"வேண்டாம்டா. நன்றி சொல்றதுக்காக இருக்கிற நாள் இது. நீங்க நாலு பேரும் முழுசா என் பக்கத்துல இருக்கீங்க. இந்த நேரத்துல இன்னொருத்தர் கண்ணைக் குத்துவேனா?" என்றாள் அவள். பிறகு வெளியே கேட்கும்படி, "நிலா பொய். பசிகூடப் பொய்தானா?" என்றாள்.

ஆந்தை கண்ணை வாசலிலிருந்து விலக்கிக்கொண்டது. "பசி பொய் இல்லை" என்றது. "எனக்கும் ரெண்டு குஞ்சு இருக்கு. நேத்திலிருந்து வாயைத் திறந்துக்கிட்டே இருக்குதுங்க."

மருக்கொழுந்து கொழுக்கட்டையில் ஒரு துண்டு பிய்த்தாள். மூக்கால் உருட்டி வாசல்வரை தள்ளிவிட்டுச் சட்டென்று பின்வாங்கினாள்.

"பசின்னு முதல்ல வந்தது நீதான். எடுத்துக்கோ."

"கொழுக்கட்டையா? எனக்கு என்ன, தும்பிக்கையா இருக்கு?" என்று ஆந்தை முறைத்தது. ஆனாலும் கொத்திப் பார்த்தது. விழுங்கியது. "வெல்லம் கொஞ்சம் கம்மி" என்றது.

"குஞ்சுகளுக்கு இது பத்தாதுன்னு எனக்கும் தெரியும். கொஞ்சம் தலையைத் தூக்கி விளக்கைப் பாரேன்!"

ஆந்தை திரும்பிப் பார்த்தது. மழை ஈரத்துக்குக் கிளம்பிய ஈசல்கள் அகல் விளக்கைச் சுற்றிப் புகைபோல மொய்த்துக்கொண்டிருந்தன! மேடை முழுக்க உதிர்ந்து கிடந்தன. இவ்வளவு நேரம் அதன் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலேதான் அத்தனையும் இருந்தன.

"அட! இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டு இதை நான் பார்க்கலையே!"

"நீ கண்ணை நிலாவாக்குற வேலையில இருந்தே. பார்க்க ஏது நேரம்?"

"ஏய்! அது என் சாப்பாடு!" என்று மேடை மூலையிலிருந்து தேரை பொன்னுரங்கம் அலறியது. ஈசலுக்காக வந்த இடத்தில் ஆந்தையைப் பார்த்துவிட்டு, பயத்தில் இவ்வளவு நேரம் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்திருக்கிறது! கத்திய பிறகுதான் தான் கத்தியதே அதற்குத் தெரிந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது.

ஆந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈசலை வாய் நிறைய அள்ளிக்கொண்டு தன் பொந்துக்குப் பறந்தது. வாய் நிறைந்திருந்ததால் நன்றி சொல்லவில்லை. வாய் காலியாக இருந்தால் சொல்லியிருக்குமோ என்னவோ!

"போயிடுச்சு தங்கச்சி! போயிடுச்சு!" என்று தேரை கூவியது. "சாயங்காலம் நான் கத்திப் பேசினது ஆந்தை காதுல விழுந்திருக்கு. எல்லாம் என் பெரிய வாயால வந்தது. அது கிடக்கட்டும், இங்கே பார்! மேகம் விலகுது!"

மருக்கொழுந்து சாய்ந்து கிடந்த சிரட்டையை நிமிர்த்தி வைத்தாள். குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றன. இந்த முறை கடுகைத் தன் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள். சிரட்டைக் கண் வழியாகப் பார்த்தாள்.

குளத்துக்கு அப்பால், தூரத்துக் குன்றின் மேல், நிலா ஏறிக்கொண்டிருந்தது. சின்னதாக, அமைதியாக, தலைப்பக்கம் கொஞ்சம் மழுங்கி.

"இதுதான்!" என்றாள் மருக்கொழுந்து. அவள் கண்ணிலிருந்து நீர் சொட்டியது. "பிள்ளையாரப்பா, நாலு வாலும் நாலா இருக்கு. அதுக்கு நன்றி. நான் ஒண்ணும் கேக்கல."

"நான் கேக்குறேன்! என் கொழுக்கட்டை எங்கே?" என்றது வெளியே தேரை.

அவள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டைத் துளை வழியாகத் தள்ளினாள். பிறகு குட்டிகளுக்குக் கொடுத்தாள். மிளகு தன் பங்கில் பாதியை எடுத்து வந்து, "முதல்ல நீ சாப்பிடும்மா" என்று அம்மாவின் வாயில் வைத்தது. வெல்லம் கம்மியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைவிட ருசியான ஒன்றை மருக்கொழுந்து தின்றதே இல்லை.

விருந்தாளி சாப்பிட்டாயிற்று. நிலாவையும் பார்த்தாயிற்று. அவள் முள்ளை எடுத்தாள். கதவுக்குக் குறுக்கே உள்ளிருந்து செருகினாள். ஒரு முறை அசைத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் கெட்டியாக நின்றது.

நன்றியோடு தவறாமல் நோன்பிருப்பவருக்குப் பசி கண்ணை மறைப்பதில்லை. பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைத் திறந்தே வைக்கிறது.